போதகர் வீட்டுக்கு ஒரு பின்னேரம் கிடைக்குமா? சபைக் குழுவுக்கு என்ன யோசனை?

கல்லடிப்பாலம் எழுதியது:

அடுத்த வருசத்து சபை நாட்காட்டியைக் குழு எழுதப்போகுது. போதகர், மனைவி, இரண்டு பிள்ளைகள்; மூத்தவ அடுத்த வருசம் ஓ.எல். சோதனை எழுதுவா. எங்கட மட்டக்களப்புச் சபையில 60 குடும்பம். இப்ப இருக்கிற கிழமை இப்படி: செவ்வாய் பின்னேரம் பெண்கள் கூட்டம், புதன் வீட்டு ஜெபம், வெள்ளி பகல் உபவாச ஜெபம், சனி வாலிபர் கூட்டம், ஞாயிறு விடிய ஞாயிறு பாடசாலையும் ஆராதனையும், மத்தியானத்துக்குப் பிறகு வாகரைப் பக்கம் கிளைச்சபை. மாதக் கடைசி வெள்ளி முழு இரவு ஜெபம். திங்களும் வியாழனும் தாளில வெறுமையாத்தான் கிடக்கு. ஆனா ஆஸ்பத்திரி, சாவு வீடு, கலியாணப் பேச்சு எல்லாம் அந்த இரண்டு நாளுக்குள்ளதான் போகுது.

குழுவில ஒருவர் "போதகர் தினம் ஒண்டு வைச்சுப் பொன்னாடை போர்த்துவம்" என்கிறார். அது போதுமா? வசனம் மட்டும் எழுதாமல் எந்த நாள், எத்தனை மணி, ஆர் பொறுப்பு எண்டு எழுதுங்க.

---

மூப்பர்_களுவாஞ்சி:

பொன்னாடை போர்த்தட்டும், பிழையில்ல. அரை மணித்தியாலத்தில முடியிற காரியம்.

யாத்திராகமம் 18ஐ எடுத்தா எல்லாரும் ஆயிரம் பேருக்கு ஒரு தலைவர், நூறு பேருக்கு ஒரு தலைவர் எண்டுதான் பிரசங்கிப்பினம். முதல் ஏழு வசனத்தில ஆரும் நிக்கிறதில்ல. எத்திரோ வனாந்தரத்துக்கு வரேக்க கையில ஆலோசனை கொண்டு வரல்ல. மோசே திருப்பி அனுப்பியிருந்த சிப்போராளையும், கெர்சோம், எலியேசர் எண்ட மகன்மார் இரண்டு பேரையும் கூட்டிக்கொண்டு வந்தார். முதல்ல குடும்பம் சேர்ந்தது, சுகம் விசாரிச்சது, சாப்பாடு. மறுநாள்தான் மருமகன் விடிய இருந்து பொழுதுபடுமட்டும் வழக்குக் கேட்கிறதை மாமன் பார்க்கிறார். "தொய்ந்துபோவீர்கள்" எண்டு சொன்னது அதுக்குப் பிறகு. குழு இந்த ஒழுங்கிலயே நாட்காட்டியை எழுத வேணும்: முதல்ல குடும்பத்தின்ர நேரத்தைக் குறிச்சுப்போட்டு, மிச்சத்தில கூட்டங்களை அடுக்கிறது. எல்லா இடத்திலயும் நடக்கிறது தலைகீழ்.

60 குடும்பம் எண்டா பத்து வீட்டுக்கு ஒரு மூப்பர், ஆறு பேர். காய்ச்சல்காரரைப் பார்க்கிறது, புது வீட்டு ஜெபம், பிள்ளைக்குச் சோதனைக்கு முன்ன ஜெபம், அயலவர் சண்டை எல்லாம் அந்த ஆறு பேரோட. மரணம், வார்ட்டில அனுமதிச்ச ஆட்கள், புருசன் பெஞ்சாதி பிரியிற கட்டம் இந்த மூண்டும் போதகரிட்ட. பிள்ளைக்கு ஆபத்து எண்டு தெரிஞ்சா மூப்பரும் போதகரும் அதைத் தங்களுக்குள்ள வைச்சுக்கொண்டு ஜெபிச்சுக்கொண்டிருக்கப்படாது, சிறுவர் உதவி இலக்கம் 1929க்கு அழைக்கத்தான் வேணும்.

இது எங்க உடையும் தெரியுமா? இரண்டாம் மாதத்தில. "பாஸ்டர் வந்து கை வைச்சாத்தான்" எண்டு சனம் மூப்பரைத் தாண்டிப் போகும், போதகரும் மனசு கேளாமல் போவார். போனா ஆறு பேரும் பேருக்குத்தான் மூப்பர். முதல் மூண்டு மாதமும் போதகர் "உங்கட மூப்பர் வந்தவரா?" எண்ட கேள்வியைத்தான் முதல்ல கேட்க வேணும். ஆறு பேரின்ர பேரையும் போன் நம்பரையும் பீடத்தில நிண்டு அறிவிச்சு, வாசல் பலகையில ஒட்டுங்க.

---

தம்பிலுவில்_அக்கா:

மூப்பர் ஐயா சொன்னது சரி. நாளைப் பற்றி நான் சொல்றன்.

திங்களை ஓய்வுநாளாக்கினா அது புருசன் பெஞ்சாதிக்கு மட்டும்தான் கிடைக்கும். பிள்ளைகள் ஒண்டரைமட்டும் பள்ளிக்கூடத்தில, பிறகு ரியூசன். அதனால திங்கள் முழுக்க ஒண்டு, பிள்ளைகளோட இருக்க வேறொரு பின்னேரம் ஒண்டு, இரண்டும் வேணும். செவ்வாய் பெண்கள் கூட்டத்தை வியாழனுக்கு மாத்தினா திங்களும் செவ்வாய்ப் பின்னேரமும் சேர்ந்து வரும்.

ஞாயிறு இரவு 8 மணியிலிருந்து செவ்வாய் விடிய 6 மணிமட்டும் சபை போன் செயலாளரிட்ட இருக்க வேணும். போதகரின்ர சொந்த நம்பர் இல்ல, சபைக்கெண்டு ஒரு சிம் எடுங்க. மரணம் எண்டா மட்டும் செயலாளர் வீட்டுக்கு நேர போய்ச் சொல்லுவார். அப்படிப் போன திங்களுக்குப் பதில் நாள் அதே கிழமைக்குள்ள குடுத்து, குழுப் புத்தகத்தில எழுதுங்க. அடுத்த மாதம் பார்ப்பம் எண்டு விட்டா அயத்துப்போகும்.

மற்றது, பாஸ்டரம்மாவின்ர வேலையை ஆரும் கணக்கெடுக்கிறதில்ல. பெண்கள் கூட்டம், ஞாயிறு பாடசாலை, வாற ஆக்களுக்குத் தேத்தண்ணி, உபவாச ஜெபம் முடிய கஞ்சி. ஒரு கிழமைக்கு மணித்தியாலத்தை எழுதிப் பாருங்க, குழுவே வெட்கப்படும். கஞ்சியை இரண்டு இரண்டு வீடாக மாறி மாறிக் காய்ச்சுங்க.

எங்கட பக்கத்து வழக்கத்தையும் யோசிக்க வேணும். இஞ்ச கலியாணம் முடிச்சா மாப்பிள்ளைதான் பொம்பிளை வீட்டுக்குப் போறது. தாய், அக்கா, தங்கச்சி எல்லாரும் ஒரு வளவுக்குள்ள, இல்லாட்டி ஒரு ஒழுங்கைக்குள்ள. பிள்ளை பிறந்தா, காய்ச்சல் வந்தா, மனசு சரியில்லாட்டி வேலியைத் தாண்டினாப் போதும். அப்படி வளர்ந்த ஒருத்தியைத் திருக்கோவிலிலிருந்து வாழைச்சேனையில சபை குடுக்கிற மிசன் வீட்டுக்குக் கொண்டுபோய் விட்டா அவவுக்குப் போனது வெறும் ஊர் மட்டுமில்ல. பஸ் மாறி மாறிப் போய்வர ஒரு நாள் முடிஞ்சிரும். வேற ஊர்ச் சபை இதை "புருசன் வீட்டோட இருக்கப் பழகட்டும்" எண்டு சொல்லலாம், மட்டக்களப்பில அது பொருந்தாது. மூண்டு மாதத்துக்கு ஒருக்கா, ஒரு ஞாயிறும் சேர்த்து நாலு நாள், அவவின்ர தாய் வீட்டுக்குப் போக விடுங்க. அந்த ஞாயிறுப் பிரசங்கத்துக்கு ஆள் வருசத் தொடக்கத்திலயே குறிச்சிருக்க வேணும், கடைசிக் கிழமையில தேடினா கிடைக்காது.

---

வேதமாணவன்:

எல்லாம் நல்லது. ஆனா தகப்பனையாவது தாயையாவது என்னிலும் அதிகமாய் நேசிக்கிறவன் எனக்குப் பாத்திரன் அல்ல எண்டு மத்தேயு 10:37 சொல்லுதே. ஊழியம் எண்டு வந்த பிறகு மணிக்கணக்குப் பார்க்கலாமா?

---

மூப்பர்_களுவாஞ்சி:

தம்பி, அந்த வசனம் கர்த்தருக்கும் குடும்பத்துக்கும் நடுவில. சபைக் கூட்டத்துக்கும் குடும்பத்துக்கும் நடுவில அதை வைக்கேலாது. தாய் தகப்பனுக்குக் குடுக்க வேண்டியதைக் "கொர்பான்" எண்டு சொல்லிக் காணிக்கையாக்கினவர்களை இயேசு கண்டிச்சதை மாற்கு 7இல வாசியுங்க. வீட்டாரைப் பராமரியாதவன் விசுவாசத்தை மறுதலிச்சவன் எண்டு 1 தீமோத்தேயு 5:8, கண்காணியாக இருக்கிறவன் சொந்தக் குடும்பத்தை நடத்தத் தெரிஞ்சவனாக இருக்க வேணும் எண்டு அதே நிருபம் 3:4, 5. வழி தவறின ஏலியின்ர மகன்மாரையும் சாமுவேலின்ர மகன்மாரையும் வேதம் மறைக்கல்ல. தகப்பன்மார் இரண்டு பேரும் கர்த்தரின்ர பணியிலயே இருந்தவங்க.

சிலுவையில தொங்கேக்கயும் தாயை ஆரிட்ட ஒப்படைக்கிறது எண்டு யோசிச்சவர் அவர். யோவான் 19:26, 27.

---

வேதமாணவன்:

ஏத்துக்கொள்றன் ஐயா. ஓய்வு எண்ட பேரில சோம்பல் வரப்படாது, அவ்வளவுதான் என்ர பயம்.

---

படுவான்பாதை:

நீங்க எல்லாரும் நகரத்துச் சபைக்குத்தான் எழுதுறீங்க. வாவிக்கு அங்கால வந்து பாருங்க. பதினைஞ்சு குடும்பம், காணிக்கை பெற்றோலுக்கும் காணாது. ஊழியக்காரர் கிழமையில நாலு நாள் மேசன் வேலை, இல்லாட்டி வயல். திங்கள் ஓய்வு எண்டு அவரிட்ட சொன்னா சிரிப்பார்.

இப்படிப்பட்ட இடத்தில வயல் நாட்காட்டியோட சேர்த்துத்தான் யோசிக்கலாம். பெரும்போக விதைப்பு ஐப்பசி, கார்த்திகையில. வெட்டு மாசி, பங்குனியில. வெட்டு நாளில மூண்டு நாள் எழுப்புதல் கூட்டம் வைச்சா சனமும் வராது, ஊழியக்காரருக்குக் கூலியும் போகும், பிறகு "சனம் வரல்ல" எண்டு மனசும் உடையும். கூட்டத்தை வெட்டு முடிஞ்ச பிறகு வையுங்க. மாரிக்கு முந்தியே கிளைச்சபைப் பயணத்தைக் குறையுங்க. வெள்ளம் வந்தா ரோட்டும் இல்ல, வாற வழியில மோட்டார் சைக்கிள் நிண்டா வீட்டில பெஞ்சாதி பிள்ளைகள் இரவெல்லாம் முழிப்பு.

நகரத்துச் சபை ஒண்டு கிராமத்து ஊழியக்காரர் ஒருவரைப் பங்காளியாக எடுக்கலாம். காசைவிட ஆளை அனுப்புங்க: இரண்டு மாதத்துக்கு ஒரு ஞாயிறு இஞ்ச வந்து ஆராதனை நடத்தினா அவர் தன்ர பிள்ளைகளுக்குப் பக்கத்தில பாயில இருந்து ஆராதிப்பார். அந்தப் பிள்ளைகள் தகப்பனைப் பக்கத்தில கண்ட ஆராதனை எத்தனை எண்டு எண்ணிப் பாருங்க.

தனிய விடப்படாது எண்டதுக்கு எங்கட ஊர்ச் சரித்திரமே இருக்கு. 1814இல மெதடிஸ்த மிஷனரிமார் வந்தபோது யாழ்ப்பாணத்துக்கு இரண்டு பேர், மட்டக்களப்புக்கு வில்லியம் ஓல்ட் ஒருவர்தான். மனைவி கப்பல் பயணத்திலயே இறந்திட்டா. 1815இல, வந்து ஒரு வருசம் ஆக முந்தி, அவரும் இறந்திட்டார். அந்தச் சில மாதத்து வேலை இண்டைக்கும் நிக்குது. ஆனா இயேசு சீசரை இரண்டிரண்டு பேராக அனுப்பினார் எண்டு மாற்கு 6:7இல எழுதியிருக்கிறது சும்மா இல்ல.

---

வாவியோரம்:

வார்த்தையைப் பற்றி ஆரும் எழுதல்ல. வாசலில கை குடுத்து "நல்ல பிரசங்கம் பாஸ்டர்" எண்டு சொல்றது காத்தோட போயிரும், ஏனெண்டா அதில எதுவும் இல்ல. ரோமர் 16ஐப் பாருங்க. பவுல் வாழ்த்துச் சொல்றது இருபதுக்கு மேற்பட்ட பேருக்கு, அதில பலருக்கு அவங்க செய்த வேலையும் சேர்த்து எழுதியிருக்கு. பிரிஸ்கில்லாள், ஆக்கில்லா தங்கட கழுத்தையே குடுத்தவங்க. ரூபின்ர தாய் "எனக்கும் தாய்". அப்படிக் குறிப்பாச் சொல்ல வேணும்.

செவ்வாய் அல்லது புதன் விடிய வட்சப்பில நாலு வரி. எந்த வசனம், அதால வீட்டில என்ன மாறினது, அவ்வளவுதான். ஞாயிறு அனுப்பாதீங்க, அண்டைக்கு எல்லாரும் கதைப்பினம், திங்கள் செவ்வாயிலதான் ஆள் விழுகிறது. பாராட்டோட சேர்த்து "ஆனா ஒலிபெருக்கி..." எண்டு தொடங்கினா நாலு வரியும் வீண். குறை சொல்ல வேணுமெண்டா வேற நாள், நேரில, மூப்பர் வழியாக.

கடிதமும் நல்லது. பிள்ளைகளுக்கும் ஒரு வரி எழுதுங்க. போதகர் பிள்ளையைச் சபை எப்பவும் பார்த்துக்கொண்டிருக்கும், ஆனா கதைக்காது. ஒண்டு சொல்ல வேணும்: பிள்ளையின்ர சங்கதியைப் பிரசங்கத்தில உதாரணமாகச் சொல்றதெண்டா பிள்ளையிட்டக் கேட்டுப்போட்டுத்தான். சபை சிரிச்சா பிள்ளை சிரிக்கும், பிறகு தகப்பனிட்ட வாய் திறக்காது. ஓ.எல் வருசத்தில கீபோட், பாட்டுக்குழு, ஞாயிறு பாடசாலை மூண்டையும் மூத்தவவிட்டயிருந்து எடுங்க.

---

புளியந்தீவான்:

கத்தோலிக்கப் பக்கத்திலிருந்து ஒரு குறிப்பு. பாதருக்கும் சிஸ்டருக்கும் குடும்பம் இல்லை எண்டு சனம் நினைக்கும். தாய் தகப்பன் இருக்கினம், வயசு போயிருக்கும், படுக்கையில இருப்பினம். மற்றப் பிள்ளைகள் வெளிநாட்டில எண்டா பாரம் முழுக்க இவருக்குத்தான், வெளியில சொல்ல மாட்டார். பங்குச் சபை செய்யக்கூடியது: தாய் இருக்கிற ஊரை அறிஞ்சு வைக்கிறது, மாதத்தில ஒரு நாள் அங்க போய்வரப் பயண ஒழுங்கு செய்யிறது, கிளினிக் நாளில துணைக்கு ஒரு ஆளை அனுப்பிறது. திருவிழாக் காலத்தில இதைக் கேட்காதீங்க, கொடியேத்தத்துக்கு முதல் மாதமே பேசி முடியுங்க.

---

சேகரக்கணக்கு:

காசுக்கு வாறன், ஆரும் தொடமாட்டீங்கள் எண்டு தெரியும்.

மட்டக்களப்பில இருந்து வாகரைக்கு ஏறத்தாழ 60 கிலோமீற்றர். போய்வர 120. லீற்றருக்கு 40 ஓடுற மோட்டார் சைக்கிளுக்கு மூண்டு லீற்றர்; நாலு ஞாயிறுக்கு 12 லீற்றர். ஒயில், டயர், பிரேக் புறம்பு. இது போதகருக்குச் சபை மாதம் குடுக்கிற உதவிப்பணத்துக்குள்ள இருந்து போகுதா, சபைச் செலவா எண்டு புத்தகத்தைத் திறந்து பாருங்க. அநேகமாக அவர் பொக்கற்றிலிருந்து, அதாவது பிள்ளைகளின்ர ரியூசன் காசிலிருந்து போகும். பயணச் செலவைத் தனித் தலைப்பாக எழுதுங்க.

வீடு அதைவிடப் பெரிய விசயம். இஞ்ச பெண் பிள்ளைக்கு வீடு குடுத்துத்தான் கலியாணம். மிசன் வீட்டில இருபது, இருபத்தைஞ்சு வருசம் இருக்கிற ஊழியக்காரருக்கு ஓய்வு பெறும்போது நிலமும் இல்ல, வீடும் இல்ல, மகளுக்குக் கலியாண வயசு. வெளியில சொல்லாத பெரிய சோர்வு இதுதான். மாதம் 5,000 ரூபா ஒதுக்கினா வருசத்துக்கு 60,000. 20 வருசத்தில முதல் மட்டும் 12 இலட்சம். விலைவாசி ஏறும்போது அதால ஒரு அறையும் கட்டேலாது. அதனால நிலையான தொகை எழுதாமல் உதவிப்பணத்தில இத்தனை வீதம் எண்டு எழுதுங்க, அது கூடேக்க இதுவும் கூடும். கணக்கு போதகர், மனைவி இரண்டு பேரின்ர பேரில. சபையின்ர பேரில வைச்சா குழு மாறேக்க ஒலிபெருக்கிப் பெட்டி வாங்கிப்போடுவாங்க. போதகர் திடீரெண்டு இறந்தா மனைவி பிள்ளைகள் மிசன் வீட்டில எத்தனை மாதம் இருக்கலாம் எண்டதையும் இப்பவே எழுதுங்க, சாவு வீட்டில நிண்டு அதைக் கதைக்கேலாது.

---

கல்முனை_ஞாயிறுபாடசாலை:

சபையின்ர குடும்பங்களையும் சேர்த்துப் பார்க்க வேணும். தகப்பன் கட்டாரில, இல்லாட்டித் தாய் சவுதியில, பிள்ளை அம்மம்மாவோட. அங்க வெள்ளிதான் விடுமுறை. எங்களுக்கும் அவங்களுக்கும் இரண்டரை மணித்தியால வித்தியாசம்: இஞ்ச பின்னேரம் 7.30 எண்டா அங்க 5 மணி. பிள்ளை பள்ளிக்கூடம், ரியூசன் முடிச்சுத் தகப்பனோட ஆறுதலாக் கதைக்கக் கூடிய ஒரே நேரம் வெள்ளி இரவு. அந்த நேரத்திலதான் நாங்க முழு இரவு ஜெபம் வைக்கிறம்! அம்மம்மா பிள்ளையையும் கூட்டிக்கொண்டு வருவா, தகப்பன் போனைப் பார்த்துக்கொண்டிருப்பார்.

முழு இரவை சனிக்கு மாத்தேலாது, மறுநாள் ஆராதனை. 9 மணிக்குத் தொடங்குங்க, 7.30இலிருந்து 8.30மட்டும் பிள்ளைகள் வீட்டில கதைக்கட்டும்.

---

படுவான்பாதை:

முதல் தலைமுறை விசுவாசிகளைப் பற்றியும் ஒண்டு. வீட்டில தாய் தகப்பன் இந்துக்கள், இவர் மட்டும் சபைக்கு வாறார். சாவு நடந்தா சடங்கு செய்யேலாது எண்டு படலைக்கு வெளியில நிண்டா, குடும்பம் மட்டுமில்ல, தாய்வழிக் குடியே அயத்துப்போகாது. செய்ய முடியாததை முந்தியே, ஆறுதலான ஒரு நாளில, தாயிட்டயும் தாய்மாமனிட்டயும் சொல்லிவைக்க வேணும். சாவு அண்டைக்கு முதல் ஆளாப் போய்ப் பந்தல் போடுறது, கதிரை தூக்கிறது, தண்ணி அள்ளுறது, சாப்பாடு கொண்டு போறது, அடக்கம் முடியுமட்டும் நிக்கிறது. முப்பத்தோராம் நாளிலயும் தாய்க்குப் பக்கத்தில இருக்க வேணும். போதகரும் ஒருக்காப் போய் இருந்துபோட்டு வரட்டும். அங்க பிரசங்கம் வேண்டாம்.

---

ஆற்றுப்படுத்தல்_குறிப்பு:

ஓய்வு குடுத்தும் சில பேர் எழும்ப மாட்டார்கள். அதைப் பிரிச்சறிய வேணும். வேலைக் களைப்பு எண்டா இரண்டு மூண்டு நாள் நித்திரை, சாப்பாடு, ஆட்கள் இல்லாத நேரம் கிடைச்சா ஆள் திரும்புவார். எலியாவுக்குச் சூரைச்செடிக்குக் கீழ கிடைச்சது அதுதான்: நித்திரை, அடை, தண்ணி, திரும்பவும் நித்திரை. தேவதூதன் அங்க கண்டிக்கல்ல, சாப்பிடச் சொன்னான். பிறகு எலிசாவைத் துணைக்குக் குடுத்தது.

ஆனா நாளின் பெரும்பகுதி மனச்சோர்வு, எதிலயும் விருப்பமின்மை, நித்திரைக் குழப்பம், பசியின்மை, தான் ஒண்டுக்கும் உதவாதவர் எண்ட எண்ணம் இரண்டு கிழமைக்கு மேல தொடர்ந்தா அது மருத்துவம் பார்க்க வேண்டிய மனச்சோர்வாக இருக்கலாம். மட்டக்களப்பு போதனா வைத்தியசாலையில மனநலப் பிரிவு இருக்கு. மனநல உதவி இலக்கம் 1926க்கு எந்த நேரமும் அழைக்கலாம். சாக வேணும் எண்ட கதை வந்தா தனிய விடாமல் அண்டைக்கே கூட்டிக்கொண்டு போங்க. "விசுவாசம் குறைஞ்சு போச்சு" எண்டு சொன்னா அவர் அடுத்த முறை வாய் திறக்க மாட்டார்.

மட்டக்களப்பில ஊழியம் செய்யிறவைக்கு நாட்காட்டியில இன்னொரு பாரம். 2019 ஏப்ரல் 21, ஈஸ்டர் அண்டைக்கு இஞ்ச சீயோன் ஆலயத்தில குண்டு வெடிச்சது. ஆனா ஈஸ்டர் வருசா வருசம் மாறும், ஏப்ரல் 21 மாறாது. இரண்டும் திரும்ப ஒரே நாளில வாறது 2030இலதான். அதுவரைக்கும் ஒவ்வொரு வருசமும் சீயோன் ஆலயத்தில போன பிள்ளைகளை இரண்டு முறை நினைச்சு, ஒரு முறை உயிர்த்தெழுதலையும் பிரசங்கிக்க வேணும். டிசம்பரும் அப்படித்தான்: கரோல் இரவுகள், நத்தார், 26ஆம் தேதி கரையோரமெல்லாம் 2004 சுனாமி நினைவு, 31ஆம் தேதி நள்ளிரவு ஆராதனை. ஏப்ரல் 21க்குப் பிறகு ஒரு கிழமையும், ஜனவரி முதல் கிழமையும் கூட்டம் ஒண்டும் போடாதீங்க. நினைவு நாளில தப்பின பிள்ளைகளை மேடையில ஏத்திச் சாட்சி சொல்லச் சொல்லவும் வேண்டாம். அவங்களாகக் கதைச்சா கேளுங்க, போதும்.

---

கல்லடிப்பாலம்:

எல்லாருக்கும் நன்றி. குழுவுக்குக் கொண்டுபோற வரைவு: திங்கள் முழுக்கவும் செவ்வாய்ப் பின்னேரமும் போதகர் வீட்டுக்கு, பெண்கள் கூட்டம் வியாழனுக்கு, சபைக்குத் தனி சிம், ஆறு மூப்பர், பயணச் செலவு தனித் தலைப்பு, வீட்டுக்கு உதவிப்பணத்தில பத்து வீதம், முழு இரவு ஜெபம் 9 மணிக்கு, கஞ்சி முறை. பொன்னாடைக் காசை வாகரைப் பெற்றோலுக்கு விடச் சொல்லலாமா?

---

தம்பிலுவில்_அக்கா:

பொன்னாடையை விடாதீங்க தம்பி, கேட்ட ஆள் கோவிச்சுக்கொண்டு மற்றதெல்லாத்துக்கும் எதிரா நிப்பார். பாஸ்டரம்மாவுக்கும் ஒண்டு போர்த்துங்க. வரைவில தாய் வீட்டு நாலு நாளைக் காணல்ல. முதலாவது எப்ப எண்டு திகதியோட எழுதுங்க, மாரிக்கு முந்தி. பவுலும் தீமோத்தேயுவுக்கு அப்படித்தான் எழுதினது, மேலங்கியையும் எடுத்துக்கொண்டு மாரிகாலத்துக்கு முன்ன வா எண்டு.

---

கல்லடிப்பாலம்:

ஓம் அக்கா, அயத்துப்போனன். செப்டம்பர் இரண்டாம் ஞாயிறு எண்டு எழுதிப்போட்டன். அண்டைக்குப் பிரசங்கத்துக்கு ஆர் வாறது? மூப்பர் ஐயா, களுவாஞ்சிக்குடியிலிருந்து பஸ் ஏறுவீங்களா?